பேனாவைக் கீழே வையுங்கள்

(வெளிநாட்டில் முதுநிலைப் படிப்பில் சேர ஜி.ஆர்.இ. தேர்வு எழுதவிருக்கும் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை இங்கே அழைத்தவர்கள், "ஜி.ஆர்.இ. கணக்குக்கு வேண்டிய சூத்திரம் எல்லாத்தையும் ஒரு மணி நேரத்துல சொல்லிடுங்க சார்" என்று கேட்டுக்கொண்டார்கள். சூத்திரம் சொல்ல ஒரு மணி நேரம் வேண்டாம், பத்து நிமிடம் போதும். அந்தத் தேர்வின் கணக்கு நம் பள்ளிக்கூடப் புத்தகத்தைத் தாண்டுவதில்லை. காரணிகள், மீதி, சதவீதம், விகிதம், எளிய சமன்பாடு, முக்கோணம், வட்டம், சராசரி, திட்ட விலக்கம், நிகழ்தகவு. முக்கோணவியல் கிடையாது. நுண்கணிதம் கிடையாது.

அப்படியிருக்க, பொறியியல் கணிதம் படித்து, வகைக்கெழுச் சமன்பாடுகளைப் பக்கம் பக்கமாகத் தீர்த்துப் பழகிய பிள்ளைகள் இந்தத் தேர்வில் ஏன் தடுக்கி விழுகிறார்கள்? பல வருடங்களாகச் சனிக்கிழமை மதியங்களில் ஒரு நூலக அறையில் இந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடையைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன்.

முதலில் தேர்வைப் பற்றி இரண்டு வார்த்தை. 1936இல் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களும் கார்னகி அறக்கட்டளையும் சேர்ந்து தொடங்கிய முயற்சி இது. பிறகு ஈ.டி.எஸ். என்ற அமைப்பின் கைக்கு வந்தது. 2023 செப்டம்பரில் தேர்வைப் பாதியாகச் சுருக்கிவிட்டார்கள். இப்போது மொத்தமே 1 மணி 58 நிமிடம். கணக்குப் பகுதி இரண்டு துண்டு: முதலில் 12 கேள்வி, 21 நிமிடம். அடுத்தது 15 கேள்வி, 26 நிமிடம். முதல் துண்டை நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்பதை வைத்து இரண்டாவது துண்டு கடினமாகவோ எளிதாகவோ வரும். மதிப்பெண் 130இலிருந்து 170 வரை. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆகவே எந்தக் கேள்வியையும் வெறுமனே விட்டுவிட்டு வராதீர்கள்.

27 கேள்விக்கு 47 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒன்றே முக்கால் நிமிடம் கூட முழுதாக இல்லை. இந்த ஒன்றே முக்கால் நிமிடம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்த மாணவி ஒருத்தி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பலகையில் ஒரு கணக்கு எழுதினேன். மூன்று பேனாவும் ஐந்து நோட்டும் 235 ரூபாய். ஐந்து பேனாவும் மூன்று நோட்டும் 165 ரூபாய். ஒரு பேனாவும் ஒரு நோட்டும் சேர்ந்து என்ன விலை?

நான் சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் அவள் எழுத ஆரம்பித்துவிட்டாள். 'கொடுக்கப்பட்டவை' என்று எழுதி அடிக்கோடு. பேனாவின் விலை எக்ஸ், நோட்டின் விலை ஒய். முதல் சமன்பாட்டை ஐந்தால் பெருக்கி, இரண்டாவதை மூன்றால் பெருக்கி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தாள். 16 ஒய் என்பது 680. ஒய் 42 ரூபாய் 50 காசு. அதை மேலே கொண்டுபோய்ப் பொருத்தி, எக்ஸ் 7 ரூபாய் 50 காசு. இரண்டையும் கூட்டி 50. விடைக்குக் கீழே இரட்டைக் கோடு. அழகான கையெழுத்து. ஒரு பிழை இல்லை. மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

பின் வரிசையில் ஒரு பையன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா ஊரில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறார். "என்னப்பா, போடலையா?" என்றேன். "போட்டாச்சு சார், அம்பது ரூபா" என்றான். எப்படி என்று கேட்டதற்கு, "ரெண்டு பில்லையும் சேத்தா எட்டு பேனா, எட்டு நோட்டு சார். எட்டு செட்டு. நானூறு ரூபா. செட்டு அம்பது" என்றான்.

அந்த மாணவி திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "சார், நான் போட்டதும் சரிதானே?" சரிதான் அம்மா என்றேன். "அப்போ ஸ்டெப்ஸுக்கு மார்க் உண்டுல்ல சார்?"

அந்தக் கேள்வி எனக்கு மிகவும் வலித்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பெண்ணுக்கு நாங்கள், ஆசிரியர்கள், சொல்லிக்கொடுத்தது அதுதான். ஸ்டெப் போடு, விடை தப்பானாலும் பாதி மார்க் வரும். பேனாவை நிறுத்தாதே. தாள் காலியாக இருக்கக் கூடாது. பொதுத்தேர்வுக்கு அது சரியான புத்திமதிதான், மறுக்கவில்லை. ஆனால் பதினைந்து வருடம் அப்படியே பழகிய கைக்கு, கணக்கைப் பார்க்கும் பழக்கம் போய்விடுகிறது. கண் கேள்வியின் முதல் வரியில் இருக்கும்போதே கை இரண்டாவது சமன்பாட்டுக்குப் போய்விடுகிறது. கடைக்காரர் மகனுக்கு அவளைவிடக் கணிதம் அதிகம் தெரியாது. கேட்கப்பட்டது ஒரு பேனாவின் விலை அல்ல, ஒரு செட்டின் விலை என்பதை மட்டும் அவன் கவனித்தான். அந்த ஒரு கவனிப்புக்கு இந்தத் தேர்வில் இரண்டரை நிமிட மதிப்பு.

ஹங்கேரியில் பிறந்து ஸ்டான்ஃபோர்டில் கற்பித்த ஜார்ஜ் போல்யா என்ற கணித அறிஞர் 1945இல் 'ஹவ் டு சால்வ் இட்' என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். கணக்குத் தீர்ப்பதற்கு அவர் நான்கு படி சொன்னார். கேள்வியைப் புரிந்துகொள்வது, வழி யோசிப்பது, அந்த வழியில் செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது. நாம் மூன்றாவது படியில் மட்டுமே வீடு கட்டிக் குடியிருக்கிறோம். மற்ற மூன்றுக்கும் நம் விடைத்தாளில் இடமே இல்லை.

நானும் ஆரம்பத்தில் இதே தவறைத்தான் செய்தேன். எழுபது எண்பது பக்கத்துக்குச் சூத்திரக் குறிப்பு தயாரித்து, ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். மாதிரித் தேர்வில் மதிப்பெண் அசையவே இல்லை. அவர்கள் உழைக்கவில்லை என்று நினைத்துக் கடிந்துகொண்டேன். அது அநியாயம். உழைப்பை நான்தான் தப்பான இடத்தில் கேட்டிருந்தேன். அதை உணர எனக்கு இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடப் பிள்ளைகளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இனி கணக்குக்குள் போவோம்.

ஜி.ஆர்.இ.க்கே உரிய ஒரு கேள்வி வகை இருக்கிறது. ஒப்பீட்டுக் கேள்வி. இடப்பக்கம் ஓர் அளவு, வலப்பக்கம் ஓர் அளவு. எது பெரிது என்று சொல்ல வேண்டும். விடை நான்கில் ஒன்று: இடது பெரிது, வலது பெரிது, இரண்டும் சமம், கொடுத்ததை வைத்துச் சொல்ல முடியாது. நான்கும் எப்போதும் இதே வரிசையில்தான் வரும்.

நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது அந்த நான்காவதில். 'சொல்ல முடியாது' என்பதை ஒரு விடையாக ஏற்க நம் மனம் ஒப்புவதில்லை. தெரியாது என்று சொல்வது தோல்வி என்று நினைத்து வளர்ந்துவிட்டோம். ஆனால் கணிதத்தில், இவ்வளவு தகவலை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது என்று உறுதியாகச் சொல்வதும் ஒரு முழுமையான விடை.

இதைப் பாருங்கள். ஒரு நேர் எண். இடப்பக்கம் அந்த எண்ணின் வர்க்கம், வலப்பக்கம் அந்த எண். எது பெரிது? இந்த அறையில் பாதிப் பேர் வாய் 'வர்க்கம்' என்று சொல்லத் துடிக்கிறது, பார்க்கிறேன். மனதில் எந்த எண்ணை வைத்தீர்கள்? மூன்றோ ஐந்தோ. அரையை வைத்துப் பாருங்கள். வர்க்கம் கால். கால் சிறியது. ஒன்றை வைத்தால் சமம். ஆகவே சொல்ல முடியாது. 'எண்' என்று கேள்வியில் இருந்தால் நாம் முழு எண் என்று படிக்கிறோம். கேள்வி அப்படிச் சொல்லவில்லை. பூஜ்யம், ஒன்று, பின்னம், குறை எண். இந்த நான்கு கதவையும் தட்டிப் பார்க்காமல் ஒப்பீட்டுக் கேள்வியை விட்டு நகராதீர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இரண்டு பக்கமும் வெறும் எண்களாகவே இருந்தால், 'சொல்ல முடியாது' என்ற விடைக்கு இடமே இல்லை. இடப்பக்கம் 2இன் 30ஆம் அடுக்கு, வலப்பக்கம் 10இன் 9ஆம் அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். திரையில் ஒரு கால்குலேட்டர் தருகிறார்கள். உடனே அதைத் தேடிப் போவீர்கள். அது எட்டு இலக்கம் வரைதான் காட்டும். அதற்கு மேல் போனால் 'எரர்' என்று வந்து நிற்கும். 2இன் 10ஆம் அடுக்கு 1024 என்பது கணினித் துறைப் பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் கூடத் தெரியும். அது ஆயிரத்தைவிடப் பெரிது. மூன்று 1024ஐப் பெருக்கினால் இடப்பக்கம், மூன்று ஆயிரத்தைப் பெருக்கினால் வலப்பக்கம். ஆகவே இடது பெரிது. முடிந்தது. பேனாவைத் தொட வேண்டியதில்லை.

இன்னொரு ஒப்பீட்டுக் கேள்வி. 10, 20, 30 என்ற மூன்று எண்ணின் திட்ட விலக்கம் ஒரு பக்கம். 1010, 1020, 1030 என்பவற்றின் திட்ட விலக்கம் மறுபக்கம். சூத்திரத்தை எழுதி, சராசரி கண்டு, கழித்து, வர்க்கம் எடுத்து, கூட்டி, வர்க்கமூலம் காண்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். திட்ட விலக்கம் என்றால் எண்கள் தங்கள் நடுவிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற கணக்கு. மூன்று பேரும் வீடு மாறி வேறு தெருவுக்குப் போய்விட்டார்கள், ஆனால் ஒருவர் வீட்டுக்கும் இன்னொருவர் வீட்டுக்கும் உள்ள தூரம் மாறவில்லை. இரண்டும் சமம். சூத்திரம் தெரிந்தவர் இந்தக் கேள்விக்கு இரண்டு நிமிடம் செலவழிப்பார், பொருள் தெரிந்தவருக்குப் பத்து நொடி போதும்.

சதவீதத்துக்கு வருகிறேன். இங்கே சற்று நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் பல கேள்விகளுக்குள் ஏதோ ஒரு மூலையில் சதவீதம் ஒளிந்திருக்கிறது. ஒரு புடவையின் விலையை 20 சதவீதம் ஏற்றிவிட்டு, ஆடித் தள்ளுபடி என்று 20 சதவீதம் குறைக்கிறார்கள். பழைய விலையே வந்துவிடுமா? வராது. 100, 120 ஆகிறது. 120இல் 20 சதவீதம் 24. மிஞ்சுவது 96. எதில் சதவீதம் என்பதுதான் எப்போதும் கேள்வி. அதேபோல, 'நூறின் 150 சதவீதம்' என்றால் 150. 'நூறைவிட 150 சதவீதம் அதிகம்' என்றால் 250. ஆங்கிலத்தில் அவசரமாகப் படிக்கும்போது இந்த 'விட' கண்ணில் படாமல் நழுவிவிடும். வார்த்தைக் கணக்குகளை மனதுக்குள் தமிழில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வேன். தமிழில் இப்படிப்பட்ட வாக்கியம் வேற்றுமை உருபு இல்லாமல் நிற்காது. மீதி'யில்' மூன்றில் ஒரு பங்கா, மொத்தத்'தில்' மூன்றில் ஒரு பங்கா என்பதைச் சொல்லாமல் தமிழில் அந்த வரியை முடிப்பது கடினம். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகளுக்கும் இது உதவுவதைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ் என்றதும் இன்னொன்றையும் சொல்ல ஆசை. இந்தத் தேர்வில் 12.5 சதவீதம், 37.5 சதவீதம் போன்ற எண்கள் வந்தால் உடனே கால்குலேட்டரைத் தேடுகிறீர்கள். 12.5 சதவீதம் என்பது எட்டில் ஒன்று. அதற்கு நம் மொழியில் தனிச் சொல்லே இருக்கிறது: அரைக்கால். 6.25 சதவீதம், பதினாறில் ஒன்று, மாகாணி. மா என்றால் இருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், பதினாறில் ஒன்று வரும். பின்னக் கூட்டல் பெயருக்குள்ளேயே இருக்கிறது! 320இல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் பெயர் வைத்து, திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியாகப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தார்கள். இப்போது 640இல் 37.5 சதவீதம் எவ்வளவு? 37.5 என்பது காலும் அரைக்காலும். 640இல் கால் 160. அரைக்கால் 80. மொத்தம் 240. நெல்லும் எண்ணெயும் அளந்தவர்கள் இப்படித்தான் கணக்குப் பார்த்தார்கள். இதைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னத்தைத் தசமமாக மாற்றாமல் பின்னமாகவே கையாளப் பழகியவருக்கு இந்தத் தேர்வில் ஐந்தாறு நிமிடம் மிச்சமாகும் என்பதைக் கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன்.

போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது மணிக்கு 40 கிலோமீட்டர். சராசரி வேகம் என்ன? 50 என்று சொல்லத் தோன்றும். தூரம் தரவில்லையே என்று எக்ஸ் போடவும் தோன்றும். இப்படி ஒரே விடை கேட்கும் கேள்வியில் தூரம் தரவில்லை என்றால், எந்தத் தூரமானாலும் விடை ஒன்றுதான் என்று பொருள். ஆகவே உங்களுக்கு வசதியான தூரத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம். 120 கிலோமீட்டர். போக 2 மணி, வர 3 மணி. 240 கிலோமீட்டருக்கு 5 மணி. சராசரி 48. வகுப்பில் இப்படிச் செய்தால், "எண்ணை நீயாக வைக்கலாமா? நிரூபணம் எங்கே?" என்று ஆசிரியர் கேட்பார். அவர் கேட்பது நியாயம். ஆனால் இங்கே நிரூபணம் கேட்கவில்லை, விடை கேட்கிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலை என்பதைப் பிள்ளைகள் மனம் ஒப்புக்கொள்ளச் சில வாரங்கள் பிடிக்கிறது.

வரைபடம் உள்ள வடிவியல் கேள்வியில் ஒரு எச்சரிக்கை போதும். முக்கோணமும் வட்டமும் அளவுப்படி வரையப்பட்டவை என்று நம்பாதீர்கள். பார்க்கச் செங்கோணமாக இருந்தால் செங்கோணம் ஆகிவிடாது. கொடுத்த தகவல் அப்படிச் சொன்னால் மட்டுமே செங்கோணம்.

மேலாண்மைப் படிப்புக்குப் போகிறவர்கள் ஜிமேட் எழுதுவார்கள். அதன் கணக்குப் பகுதியில் கால்குலேட்டரே கிடையாது. அதே தேர்வில் தரவுகளை அலசும் பகுதியில் ஒரு கேள்வி வகை வரும். எனக்கு மிகவும் பிடித்தது அது. விடை என்ன என்று கேட்க மாட்டார்கள். விடை காண இந்தத் தகவல் போதுமா என்று மட்டும் கேட்பார்கள். ஒரு வகுப்பில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் உள்ள விகிதம் மூன்றுக்கு நான்கு. மொத்தம் எத்தனை பேர்? முதல் தகவல்: 40க்கு மேல். இரண்டாவது தகவல்: 45க்குக் கீழ். போதுமா?

தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் போதாது. சேர்த்துப் பார்த்தாலும் 41, 42, 43, 44 என்று நான்கு எண் மிஞ்சுகிறதே, போதாது என்று பலர் சொல்வார்கள். ஆனால் பிள்ளைகளைப் பாதியாக வெட்ட முடியாது. மூன்றும் நான்கும் ஏழு. மொத்தம் ஏழால் வகுபட்டே ஆக வேண்டும். 42. போதும். ஏழு என்ற எண் கேள்வியில் எங்கும் எழுதப்படவில்லை. மனிதர்களை எண்ணுகிறோம் என்ற உண்மைக்குள் அது இருந்தது. பிற்காலத்தில் ஆய்வகத்திலோ அலுவலகத்திலோ நீங்கள் செய்யப்போகும் வேலையும் பெரும்பாலும் இதுதான்: கையில் இருப்பது போதுமா, போதாதா என்று பார்ப்பது.

பயிற்சி பற்றிச் சில வார்த்தை. இந்தத் தேர்வுக் கட்டணமே இப்போது இருபதாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் கடன் வாங்கிப் பயிற்சி நிலையத்துக்கும் கட்ட வேண்டும் என்று எந்தப் பெற்றோரும் தவிக்க வேண்டாம். ஈ.டி.எஸ். நிறுவனமே இரண்டு முழு மாதிரித் தேர்வுகளையும் கணிதத் திருப்புதல் குறிப்பையும் இலவசமாகத் தருகிறது. முதல் மாதிரித் தேர்வை இன்றே எழுதுங்கள், இரண்டாவதைத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு வரை தொடாதீர்கள். இன்னொன்று, 2020இல் பெருந்தொற்று வந்த பிறகு பல பல்கலைக்கழகத் துறைகள் இந்தத் தேர்வைக் கேட்பதையே நிறுத்திவிட்டன. நீங்கள் சேர விரும்பும் துறை இதைக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும். சரியாக வரவில்லை என்றால் 21 நாள் கழித்து மறுபடி எழுதலாம்.

ஒரு நாளைக்கு நூறு கணக்கு போட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கவலையாக இருக்கிறது. இருபது போடுங்கள். தப்பான ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். என்ன விடை என்று எழுத வேண்டாம், ஏன் தப்பானது என்று எழுதுங்கள். 'தெரியாது' என்பது ஒரு காரணம். 'தப்பாகப் படித்தேன்' ஒரு காரணம். 'பார்க்காமல் ஆரம்பித்தேன்' ஒரு காரணம். என்னிடம் படித்த பிள்ளைகளின் நோட்டுகளில் 'தெரியாது' என்பது எப்போதும் மிகக் குறைவாகவே இருந்திருக்கிறது.

அந்த இயந்திரப் பொறியியல் மாணவி அப்படி ஒரு நோட்டு எழுதினாள். முதல் பத்துப் பக்கத்தில் 'பார்க்காமல் ஆரம்பித்தேன்' என்பதே திரும்பத் திரும்ப வருகிறது. நடுவில் ஒரு பக்கத்தில் கோபத்தில் பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கணக்குக்கும் எதிரே கடிகார நேரம் எழுதத் தொடங்கியிருக்கிறாள்: படிக்க 40 நொடி, போட 20 நொடி. படிப்பதற்கு ஆகும் நேரம் கூடக் கூட, மொத்த நேரம் குறைந்துகொண்டே வருகிறது. இப்போது அவள் வெளிநாட்டில் முதுநிலை படிக்கிறாள். போகும்போது நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள், அடுத்து வருகிறவர்களுக்குக் காட்டச் சொல்லி. கொண்டுவந்திருக்கிறேன், மேசை மேல் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வந்து புரட்டிப் பாருங்கள். முதல் பக்கத்தில் இருப்பது அந்த எட்டுப் பேனா, எட்டு நோட்டுக் கணக்குதான்.